முதலீட்டாளர் முன்னால் மரவள்ளிக் கிழங்கு

மேடைக்கு எதிரே ஒரு திரையில் சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன. சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக ஏறி, ஐந்து நிமிடத்துக்குள் தங்கள் தொழிலைப் பற்றி முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டும். நானும் என் தோழியும் ஏறியிருந்தோம். பேசுவது நான், திரையில் படங்களை மாற்றுவது அவள்.

நான் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். அவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவள் அப்பாவுக்கு மரவள்ளிதான் வெள்ளாமை. மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. பிடுங்கிவிட்டால் அதிக நாள் தாங்காது, உள்ளே நீலமாய் நரம்போடி அழுகத் தொடங்கிவிடும். ஒரு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது, பிடுங்கிக் குவித்த பிறகு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் லாரி மலையேறவில்லை. அவர் குவியலின் மேல் சாக்கைப் போட்டார், தண்ணீர் தெளித்தார், சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மொத்தத்தையும் பள்ளத்தில் தள்ளினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் தொழில் அதிலிருந்து பிறந்தது. லாரிக்காரர்களையும் மலைக்காரர்களையும் ஒரு போன் செயலி வழியாகச் சேர்த்து, இன்ன நாள் இன்ன ஊருக்கு லாரி என்று உறுதியான பிறகே கிழங்கைப் பிடுங்கச் சொல்வது. அவ்வளவுதான்.

ஆனால் மேடையில் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் பெரிய பெரிய சொற்களாகப் பேசியிருந்தார்கள். நானும் விநியோகச் சங்கிலி, ஒருங்கிணைந்த தளம், டிஜிட்டல் மாற்றம் என்று ஆரம்பித்தேன். உலகச் சந்தை பற்றி ஒரு படம், எங்கள் செயலியின் வசதிகள் பற்றி வரிசையாகப் பல படங்கள். முதல் வரிசையில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கையை உயர்த்தினார்.

“சரிம்மா. நீங்க என்ன செய்றீங்க?”

நான் சொன்னதையே இன்னும் வேகமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினார். எண்கள் தீர்ந்து மணி அடித்தபோது என் வாய் பாதி வாக்கியத்தில் இருந்தது. யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல முயற்சி, தொடர்பில் இருங்கள் என்றார்கள்.

திரும்பும் பஸ் உளுந்தூர்பேட்டையில் நின்றபோது தோழி என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள், “நீ பேசிக்கினு இருக்கச்சொல்லோ எங்கப்பா எந்த எடத்துல வருவாருன்னு பாத்துக்கினே இருந்தண்டி. கடைசி வரிக்கும் வரவே இல்ல.”

“அஞ்சு நிமிசத்துல இன்னாத்த சொல்றது?”

“அத்த மட்டும் சொல்லேன். மீதி எதுக்கு?”

அடுத்த சில வாரங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை வெட்டிச் சுருக்கினோம். எதை எடுத்தாலும் எனக்கு வலித்தது. உலகச் சந்தை போனது. ராத்தூக்கம் கெட்டு உருவாக்கிய வசதிகளின் பட்டியலும் போனது. முதலில் ஒரு மனிதர், அவருக்கு வந்த கஷ்டம். அடுத்து நாங்கள் செய்வது, ஒரே வாக்கியத்தில். இதுவரை எத்தனை பேருக்குப் பயன்பட்டது. கடைசியில், உங்களிடம் எங்களுக்கு வேண்டியது இது. அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடுவதுதான் சிரமமாக இருந்தது. நான் கூடுதலாக ஒரு சொல் பேசினால் தோழி மேசையைத் தட்டுவாள்.

அடுத்த வாய்ப்பு கோயம்புத்தூரில் வந்தது. “கிழங்கைப் பிடுங்கிவிட்டு லாரிக்குக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தேன். அரங்கில் போன்கள் கீழே இறங்கின. என் குரல் எனக்கே கேட்டது. மணியடிக்கும் முன்பே முடித்துவிட்டேன். தோழி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

நரைத்த தலையோடு இருந்த ஒருவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அறுவடை எத்தனை மாதம்? ஆலைக்காரர்களே லாரி அனுப்பத் தொடங்கினால்? சிக்னல் இல்லாத ஊரில் என்ன செய்வீர்கள்? உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிக்னல் இல்லாத ஊருக்குத் தோழியின் சித்தப்பா வண்டியில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார் என்றபோது அவர் லேசாகச் சிரித்தார். பிறகு பேனாவை மூடினார்.

“எனக்கு நல்லாப் புரிஞ்சுதும்மா. புரிஞ்சதாலதான் வெளிப்படையாச் சொல்றேன். இது தேவையான வேலை. ஆனா எங்க பணம் எதிர்பார்க்கிற அளவுக்கு இது வளராது. உங்க மலை அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மலை அவ்வளவுதான். சென்னையில், அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து ஆறுதல் அடைய முடிந்தது. இங்கே அதற்கும் வழியில்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள். வெளியே வந்து காப்பிக் கோப்பையோடு நின்றோம்.

“நல்லாத்தாண்டி சொன்ன” என்றாள் தோழி. அவள் கண்ணைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

வேறு சிலரிடமும் போனோம். எல்லா இடத்திலும் கவனமாகக் கேட்டார்கள், எல்லா இடத்திலும் அதே பதிலைச் சொன்னார்கள். தோழி கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். நான் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அறுவடைக் காலத்தில் அவள் ஊருக்கும் சுற்றியுள்ள சில ஊர்களுக்கும் மட்டும் இன்னமும் போனில் லாரி ஏற்பாடு செய்கிறோம். செயலியை எப்போதோ நிறுத்தியாயிற்று. எங்களை அழைக்காத ஊர்களில் என்ன ஆகிறது என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் திருக்கோவிலூரிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நெல் உலர்த்தும் பெட்டி ஒன்று செய்திருக்கிறாள். முதலீட்டாளர் கூட்டத்தில் பேசுவதற்கு எழுதி வைத்ததை என்னிடம் படித்துக் காட்டினாள். முதல் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், மழையில் நனைந்த நெல்லைக் கூடத்தில் கொட்டி மின்விசிறி போட்ட அவள் அத்தையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதிலிருந்து ஆரம்பி என்றேன். மறுபடி சொல்லிப் பார்த்தாள். எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

“இப்டி சொன்னா பணம் குடுப்பாங்களாக்கா?” என்று கேட்டாள்.

“காது குடுத்துக் கேப்பாங்கம்மா” என்றேன்.

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையிலிருந்து இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.