பதினோரு சீட்டு

அந்த மருத்துவமனையில் அவருக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருடமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் பெண்மணி. தப்பென்று பட்டால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்கமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு வழிகாட்டு நெறி வந்தது. அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோயுள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயதிலிருந்து வருடம் ஒருமுறை தலை ஸ்கேன் எடுக்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகம் கூடியிருந்தால், மாதாமாதம் ரத்தம் ஏற்றிப் பக்கவாதம் வராமல் தடுக்கலாம். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு நடைபாதையில் மாட்டினார்கள். மிளகாய்க்கு இரண்டு வாரம் பயிற்சியும் கொடுத்தார்கள். அதன்பிறகு அவரிடம் வந்த குழந்தைகள் நாலே பேர். கேட்கும்போதெல்லாம், "கமிட்டி பாத்துட்டிருக்கு" என்றார் தலைமை டாக்டர்.

ஒரு திங்கள்கிழமை காலை, பஸ் மெக்கானிக் ஒருவர் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரித் தொங்கியது.

மிளகாய் அவளுடைய கோப்பைப் புரட்டினார். அரிவாள் செல் நோய்க்காக மூன்று வருடத்தில் பதினோரு முறை வந்திருக்கிறாள். பதினோரு சீட்டிலும் ஒரே வரி: அதே மாத்திரையைத் தொடரவும். ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. வருடாவருடம் எடுக்க வேண்டிய ஸ்கேன் எங்கே என்று பின்னாலேயே வந்த அம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, இப்படி ஒரு ஸ்கேன் இருக்கா?" என்று மிளகாயைத் திருப்பிக் கேட்டாள் குழந்தையின் அம்மா. "எங்ககிட்ட யாருமே சொல்லலையே!"

மிளகாய்க்குக் காது மடல் சுட்டது. கோப்போடு நேரே தலைமை டாக்டர் அறைக்குப் போய் மேஜையில் விரித்து வைத்தார்.

"இதைப் படிங்க சார்."

அவர் படித்தார். முகம் வெளுத்தது. "தினம் முந்நூறு பேர் வர்ற இடம்மா. ஸ்கேன் எழுத யாருக்கு ஞாபகம் இருக்கும்? இது எல்லாரும் சேர்ந்து பண்ண தப்பு."

"எல்லாரும்னா யாரும் இல்லைன்னுதானே அர்த்தம்? சட்டத்துல தொங்குற தாளைத் துடைக்க ஆள் போட்டிருக்கீங்க. படிக்க ஒருத்தரையும் போடலையா?"

"கத்தாதீங்க."

"இனிமே யார் ஞாபகமும் வேணாம். இந்த நோய்க்காரப் பிள்ளைங்க டாக்டர் சீட்டு இல்லாமலே நேரா என் ரூமுக்கு வரட்டும். அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போடறவரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

அரைமணி நேரம் நின்றார். கையெழுத்து வந்தது.

கோப்பு அறையில் தேடியதில் அறுபத்து மூன்று குழந்தைகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். நாலு மாதத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு ரத்த வேகம் எல்லை தாண்டியிருந்தது. அவர்களுக்கு உடனே ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். தலைமை டாக்டர் கூட்டத்தில் பாராட்டியபோது மிளகாய் எழுந்து வெளியே போய்விட்டார். ஆறு பேரை இரண்டு வருடம் முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்ற எரிச்சல்.

மெக்கானிக்கின் மகள் காலை இழுத்து நடக்கிறாள். இடது கையால் எழுதப் பழகுகிறாள். அவளுடைய தங்கைக்கும் அதே நோய். அம்மா அவளை ஸ்கேனுக்குக் கூட்டிவந்தாள். வேகம் சரியாக இருந்தது.

"நல்லாருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

அம்மா சிரிக்கவில்லை. "அடுத்த வருஷத் தேதிய இப்பவே எழுதிக் குடுங்க. உங்க யாரையும் நான் நம்பமாட்டேன்."

மிளகாய் தேதியை எழுதிக் கொடுத்தார்.