பெட்டியா போனை எடுக்கும்?

போன செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் கம்பெனி கேட்டில் இருக்கும் போன் அடித்தது. எடுத்துப் பேசிய வாட்ச்மேன், பிரஸ் ஷாப்புக்குள் ஓடி வந்தார்.

"தேசிங்கு, உன் சம்சாரத்துக்கு பிரஷர் ஏறிக்கினு கீதாம். ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறாங்கோ. உடனே இட்டுனு வரணுமாம்."

தேசிங்கு என் கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினை ஓட்டுபவன். அவன் மனைவி மலருக்கு ஒன்பதாம் மாதம். திருப்பாச்சூர் வீட்டில் தனியாக இருந்தாள். மெஷினை நிறுத்தச் சொன்னேன். என் காரிலேயே அவனை அனுப்பினேன்.

அந்த போன் சும்மா அடிக்கவில்லை...

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று காக்களூரில் சொந்தக் கம்பெனி. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாருக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை. ஏன்? ஷிஃப்ட் ஏறும் முன் செல்போன் கேட்டில் உள்ள பெட்டிக்குள் போய்விட வேண்டும். என் மச்சானே வந்தாலும் அதே சட்டம்தான்.

சில மாதங்களுக்கு முன் திருவள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்று கர்ப்பிணிகளுக்கு ஓர் ஏற்பாடு செய்தது. வீட்டுக்கே பிரஷர் மெஷின். அளவு பார்த்தால் அது தானாக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அதிகமாக இருந்தால் நர்ஸ் வீட்டுக்கு போன் போடுவார். முடிவு செய்யும் முன், பயன்படுத்தப் போகிறவர்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள். மலர் போனாள். நானும் போனேன் — நான் இல்லாமல் இந்த ஊரில் ஒரு கூட்டமா?

முதலில் பேசியதும் நான்தான். "எழுத்தைப் பெருசாப் போடும்மா." அந்த ஏற்பாட்டுக்கு சாஃப்ட்வேர் எழுத வந்திருந்த பெண் உடனே குறித்துக்கொண்டாள்.

பிறகு மலரிடம் கேட்டாள். "உங்க வீட்டு நம்பர் எதும்மா?"

"எங்கூட்ல இருக்கறதே ஒரு போன் மேடம். அத்த அவரு எத்துகினு வேலைக்குப் பூடுவாரு."

"அப்போ அவருக்கே பேசிடலாமே?"

"ஷிஃப்ட் முடியற வரிக்கும் அது பொட்டில தூங்கும். பொட்டியா போன எடுக்கும்? இதோ உக்காந்துகீறாரே, இவரு போட்ட சட்டம்."

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை செய்பவர்களின் வீட்டுப் பெண்கள். அங்கேயும் பெட்டிதான்.

"சார், சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமா?" என்றாள் சாஃப்ட்வேர் பெண்.

"விரல் போனா உன் கம்ப்யூட்டர் ஒட்டித் தருமாம்மா?"

மலர் என் பக்கம் திரும்பினாள். "ஏன் நைனா, கேட்ல கம்பெனி போன் ஒண்ணு கீதே... அந்த நம்பரையும் சேத்துக்கச் சொல்லேன்."

சேர்த்தார்கள். வீட்டு நம்பருக்குக் கீழே வேலை இடத்து நம்பர்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் போட்ட முதல் போன் பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது. இரண்டாவதுதான் வாட்ச்மேன் எடுத்தது. மலரோ, அளவு பார்த்துவிட்டு, வெறும் தலைவலி என்று படுத்திருந்தாளாம்.

சாயங்காலம் தேசிங்கு பேசினான். "பொண்ணு, மொதலாளி. ரெண்டு பேரும் நல்லா கீறாங்கோ." மேஜைமேல் மதியச் சாப்பாடு பிரிக்காமல் இருந்தது. அப்போதுதான் பசித்தது.

எந்த மெஷினையும் செய்துவிடலாம். அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால்தானே தெரியும்? கேட்டார்கள். ஓர் உயிர் இரண்டாக வீடு திரும்புகிறது.

யோசனை மலருடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், "இந்தக் காலத்தில் கேட்டுக்கு எதுக்கு சார் போன், எடுத்துடலாம்" என்று மேனேஜர் சொன்னபோது, "இருக்கட்டும்யா" என்றவன் யார்?