குழாய்க்குள் புகுந்த காற்று

கடலுக்குப் பயந்து கரையில் வேலை தேடியவன் கிளைட்டன். விசைப்படகில் போகும் அண்ணன் ஆன்டனி அவனுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டமே கட்டியிருந்தான். அப்படிப்பட்ட ஆளுக்கு, பாருங்கள், துறைமுகத்துக்குப் பக்கத்து எரிவாயு ஆலையில் ஃபிளேர் பார்க்கும் வேலைதான் வாய்த்தது!

மிஞ்சிய வாயுவை உயரத்தில் எரித்துவிடுகிற குழாய்தான் ஃபிளேர். வாயு குறைந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், நெருப்பும் பின்னாலேயே இறங்கும், எல்லாம் வெடிக்கும். காற்றை மறிக்க நைட்ரஜன் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதையும் மீறி வந்தால், ஆலைக்குள் போகாதபடி அடியில் ஒரு தொட்டித் தண்ணீர் தடுக்கும். அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே கிளைட்டனுக்குத் தலை நரைத்துவிட்டது. சோறு தின்னும்போதும் கண் மேலேதான் இருக்கும்.

அன்று மதியம் கச்சான் காற்று பேயாய் அடித்தது. நெருப்பு திடீரென்று குறுகிக் குழாயின் வாய்க்குள் போனது. உள்ளே 'கும்'மென்று ஒரு சத்தம்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து ஜெமிமா வாக்கி டாக்கியில் அலறினாள். "அண்ணே, நைட்ரஜனைக் கூட்டிட்டேன். ஆனா தொட்டித் தண்ணி இறங்கிக்கிட்டே போவுது! எல்லாரும் வெளிய போயாச்சு, நீங்களும் ஓடிருங்க!"

"மகாராஜா எங்க?"

"அவரக் காணும்ணே."

மகாராஜா ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு பிள்ளைக்காரன். தொட்டியடியில்தான் அவனுக்கு வேலை. கேட் ஒரு பக்கம், தொட்டி மறு பக்கம். பொய் சொல்வானேன், கிளைட்டனின் கால் முதலில் கேட்டைப் பார்த்துத்தான் திரும்பியது. பிறகு "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டே தொட்டியை நோக்கி ஓடினான். தலைக்கு மேலே மறுபடியும் 'கும்'.

மகாராஜா காதில் பாட்டைச் சொருகிக்கொண்டு குத்தவைத்திருந்தான். தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, பக்கக் குழாயில் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரமெல்லாம் உப்புத் தண்ணீர். அந்த ஒரு குழாயில்தான் நல்ல தண்ணீர்.

கிளைட்டன் அவனைத் தள்ளிவிட்டு வால்வைத் திருகினான். வேர்வையில் கை வழுக்கியது. ஒருவழியாகத் தொட்டிக்குள் தண்ணீர் இரைந்து விழுந்தது. நைட்ரஜன் தள்ளத் தள்ள, மேலே நெருப்பு மெல்ல வெளியே தலைகாட்டியது.

"ஏலே, சாவப் பாத்தியேலே!" அடிக்கக் கை ஓங்கினான்.

"ஒங்க வீட்டுக்குத்தான் அண்ணாச்சி பிடிச்சேன். ஒரு வாரமா தண்ணி வரலன்னு மதினி சொன்னாவ."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கிளைட்டன் கேனைத் தூக்கி மண்ணில் கவிழ்த்தான்.

"அய்யோ, நல்ல தண்ணி அண்ணாச்சி!"

கிளைட்டன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, மகாராஜாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.