கையொப்பம் மாறுபடுகிறது

மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டேன். மனைவி நீட்டிய கோப்பையை வாங்க வலது கை எழும்பவில்லை. அது போர்வையின் மேல் கிடந்தது. பார்த்தேன், அவ்வளவுதான்.

சத்திரசிகிச்சை நெஞ்சுச் சுவரில். வலப்புற விலா எலும்பில் வளர்ந்த தீங்கற்ற கட்டியொன்றை, மூன்று சிறு துளைகள் வழியாகக் கமராவைச் செலுத்தி அகற்றினார்கள். அது 2004. போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்ததால் நயினாதீவிலிருந்து கொழும்புக்குப் போக முடிந்தது. சம்மதப் படிவத்தை முழுவதும் வாசித்து, ஓர் எழுத்துப்பிழையையும் திருத்திக் கையொப்பமிட்டேன். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, மரணம் எல்லாம் அதில் இருந்தன. கை இருக்கவில்லை.

"மூண்டு மணித்தியாலம் கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சிருந்தது. நரம்பு இழுபட்டிருக்கு," என்றார் டொக்டர்.

மேற்புய நரம்புப் பின்னல் (கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புத் தொகுதி) பாதிக்கப்பட்டிருந்தது. விலாவிடை நரம்பும் (விலா எலும்புகளுக்கு நடுவே ஓடுவது) காயப்பட்டதால் நெஞ்சில் ஒரு பட்டை அகலத்துக்கு உணர்வில்லை. அதன் விளிம்பில் சட்டை உரசினால் எரியும்.

"எப்ப திரும்பி வரும்?"

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் வளரும். பொறுமையா இருங்கோ ஐயா."

பிரதேச செயலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். கோப்புகள் அதைவிட மெதுவாக நகர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் விரல்கள் அசைந்தன, உணர்வு வரவில்லை. அப்போதுதான் ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் காலம் வந்தது. உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நாமே ஒப்பமிட்டு அறிவிக்கும் படிவம். ஒப்பமிட முடியாதவர் கைநாட்டு வைக்கலாம். நான் என் கையெழுத்தையே வைப்பதென்று தீர்மானித்து, கிழித்த நாட்காட்டித் தாள்களில் பழகினேன். பேனை விரல்களுக்கிடையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

"கைநாட்டு வச்சால் குறைஞ்சு போவியளோ?" என்றாள் மனைவி.

"ஓம்," என்றேன்.

படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில், 'கையொப்பம் மாறுபடுகிறது.' அந்த வாசகத்தை அலுவலகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவனே நான்தான்.

குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். என் பழைய கதிரையில் சுகந்தி இருந்தார். நான் வேலை பழக்கிய பிள்ளை.

"சேர், மைப்பெட்டி எடுக்கட்டே?"

"பொறும். உமக்கு முன்னால ஒருக்கா எழுதிக் காட்டுறன்."

எழுதினேன். அவர் என் பழைய மாதிரி ஒப்பத்தைப் பக்கத்தில் வைத்தார். இருவரும் பார்த்தோம்.

"இந்தக் கதிரையில நீங்கள் இருந்தால் ஏற்பீங்களோ, சேர்?"

"ஏலாது."

"அப்ப என்னோட கோவிக்கக் கூடாது. நீங்கள் பழக்கினதுதான்."

மைப்பெட்டியைத் திறந்தார். மையின் குளிர்ச்சி தெரியவில்லை. அவர் என் பெருவிரலைப் பிடித்து அழுத்தியதும் தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டார் என்பதைத் தாளைப் பார்த்து அறிந்தேன். ரேகைகள் தெளிவாக விழுந்திருந்தன. படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள், கையை எந்த நிலையில், எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். படிவத்தில் அது இராது.

இப்போது ஞாயிறு காலைகளில் மனைவி என்னைக் கண்மூடச் சொல்லி, தோளிலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டு வருவாள். "இது தெரியுதே? இது?" தெரியாமல் போகும் இடத்தில் பேனையால் கோடு போடுவாள். இந்த வாரக் கோடு முழங்கைக்குச் சற்று மேலே. அடிமட்டம் வைத்துக் கணக்குப் பார்த்தேன். அடுத்த சான்றிதழ் வரும்போது கோடு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நிற்கும். அதற்கடுத்த சான்றிதழுக்குப் பெருவிரலில்.