ஆணி ஓட்டையில் வந்த கிரகணம்

சூரிய கிரகணத்தை எல்லாரும் அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள். நான் பார்த்த கிரகணம் தரையில் ஊர்ந்து வந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. கண்ணும் நன்றாகத் தெரியும், புத்தியும் நன்றாகவே இருந்தது.

ஆனையூர் அன்றைக்கு மதுரையோடு சேராத தனிக் கிராமம். கண்மாய்க்குக் கிழக்கே எங்கள் ஓட்டு வீடு. அப்பா, பெரியப்பா என்று ஆம்பளைகள் இருந்தாலும் வீட்டை ஆண்டது பெரியம்மாதான். அப்பாவின் தங்கை, என் அத்தை, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாதம்.

அவளுக்கு இது இரண்டாவது. மூத்தது நாலு வருஷத்துக்கு முன்பு வயிற்றில் இருந்தபோதும் ஒரு கிரகணம் வந்ததாம். புகுந்த வீட்டில் யாரும் நேரம் சொல்லவில்லை. இவள் பாட்டுக்கு அரிவாள்மனையில் சுரைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறந்த ஆண் குழந்தைக்கு மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. பால் குடிக்க முடியாமல் பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. பெற்றவளே பிள்ளையை அறுத்துவிட்டாள் என்று மாமியார் தெருவில் நின்று சொன்னாள். அடுத்ததும் குறையோடு பிறந்தால் மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக எங்கள் வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பேச்சு எடுத்தாலே அத்தை எழுந்து மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய்விடுவாள்.

அந்த மகன்தான் என் மாமா. டவுனில் ஒரு காலேஜில் பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்குச் சோதனைகள் செய்து காட்டும் வேலை. கிரகணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். மடியில் இரண்டு கம்பளி சுற்றிய காலேஜ் டெலஸ்கோப். பித்தளைக் குழாய், மூன்று கால். அதை அவர் இறக்கிய அழகைப் பார்த்து அப்பா சொன்னார்:

"ஏன் மாப்ள, பிள்ளத்தாச்சிய வண்டியேத்தி விட்ட அன்னைக்கு இம்புட்டுப் பதனம் பாக்கலையே நீங்க?"

மாமா சிரித்தார். வெயில் தாழுவதற்குள் குழாயை முற்றத்தில் நிறுத்தி, அதன் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, சூரியனை அதில் விழவைத்துக் காட்டினார். தட்டு அகலத்துக்குச் சூரியன் வேட்டியில் நின்றது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. "சூரியனுக்கு மச்சம் மாமா" என்று நான் கத்தினேன். அந்த மச்சத்துக்குள் நம் பூமியையே போட்டு வைக்கலாம் என்றார் அவர். அதற்குப் பிறகு வேட்டி உடுத்திய யாரைப் பார்த்தாலும் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று தேடினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா நிறையச் சொன்னார். சூரியனைச் சுற்றுகிற கிரகங்கள் எட்டு என்றுதான் அவர் படித்தாராம், இப்போது சீமையில் ஒன்பதாவதும் கண்டுபிடித்துவிட்டார்களாம். குழாயில் கண்ணை வைத்து யாரும் அதைப் பிடிக்கவில்லை. ஒரே வானத்தைச் சில நாள் இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆயிரம் ஆயிரம் புள்ளியில் ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. "ஒத்தப் படத்தப் பாத்தா ஒண்ணுந் தெரியாது. ரெண்டையும் சேத்து வச்சாத்தான் உண்மை தெரியும்" என்றார். அமெரிக்காவில் எங்கள் முற்றத்தைவிட அகலமாக ஒரு கண்ணாடி வார்க்கிறார்கள், அதில் பார்த்தால் இதுவரை யாரும் பார்க்காத தூரம் தெரியும் என்றும் சொன்னார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அத்தை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாவது கிரகம் வரைக்கும் போய் வந்த மனுஷருக்கு அடுப்படிவரை வர வழி தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே பெரியம்மா வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஊறுகாய் ஜாடியிலிருந்து மோர்ப்பானை வரை அறுகம்புல் போட்டாள். முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிரகணம் பிடிக்கிற நேரத்தில் அதன் நடுவே உலக்கையை நிறுத்துவாள். நின்றால் பிடித்திருக்கிறது, விழுந்தால் விட்டுவிட்டது. அத்தைக்கு நெல் அறை. சன்னலில் சாக்கை அடைத்தாயிற்று. கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த ஒரே கண்ணாடி ஓட்டின் மேலும் பெரியப்பாவை ஏற்றி, கோழிக்கூட்டுக் கதவாக இருந்த தகரத்தைப் போட்டு மூடச் செய்தாள். அத்தை கால் நீட்டிச் சாய்ந்து உட்கார வேண்டும். விடும்வரை அசையக் கூடாது, சொறியக் கூடாது, புடவையைக்கூட இழுத்து விடக் கூடாது. துணைக்கு ஒரு பெண்பிள்ளை.

அந்தப் பெண்பிள்ளை நான்தான்! அண்ணன்மார் இரண்டு பேரும் வெளியே மாமாவின் வேட்டிக்கு முன்னால் கும்மாளம் போட, நான் நெல் மூட்டைக்கு நடுவில். எனக்கு வந்த கோபத்தில் பெரியம்மா நாசமாய்ப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாமா ஒரு வார்த்தை சொல்லித் தடுப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழாயின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டார்கள்.

கும்மிருட்டு. கண் பழகியதும் ஒன்று தெரிந்தது. தகரத்தில் எப்போதோ அடித்துப் பிடுங்கிய ஆணியின் ஓட்டை. அதன் வழியாக ஒரு வெளிச்சக் கோடு இறங்கி, மண் தரையில் எலுமிச்சம்பழ அகலத்துக்கு வட்டமாக விழுந்தது. அத்தையின் காலிலிருந்து நாலு முழம் தள்ளி.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வட்டத்தின் ஓரம் நைந்தது. தூசி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. பிறகு யாரோ கடித்த மாதிரி ஒரு பக்கம் குழிந்தது. நேற்று வேட்டியில் பார்த்த சூரியன் ஞாபகம் வந்தது. குழாய் இல்லை, கண்ணாடி இல்லை, மாமா இல்லை. சூரியன் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது, கிரகணத்தையும் கூட்டிக்கொண்டு. கண்ணாடி ஓட்டைத் திறந்தபடி விட்டிருந்தால் வெறும் வெளிச்சம்தான் விழுந்திருக்கும். மூடி, ஓர் ஓட்டையை மட்டும் மிச்சம் விட்டதால்தான் உருவம் விழுந்தது. பெரியம்மா பார்த்துப் பார்த்துச் செய்த காவல் அது.

அத்தையும் அதைப் பார்த்துவிட்டாள். மூச்சு விடும் சத்தம் மாறியது.

"அது நவுருதா தாயி?"

நகர்ந்தது. நான் நெல்மணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மணியைத் தாண்டி அத்தையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வரவர மெலிந்து, அரிவாள் மாதிரி வளைந்து, அவள் பாதத்தில் ஏறியது. பிறகு முழங்கால். வெளியே காக்கைச் சத்தம் நின்றுபோயிருந்தது. சன்னல் சாக்கின் நூலிடுக்கில் தெரிந்த வெயிலில் மஞ்சளே இல்லை. அத்தை அசைந்தால் குற்றம். அசையாவிட்டால் அது வயிற்றில் ஏறும். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

நான் பாய்ந்து என் உள்ளங்கையை நீட்டி மறைத்தேன். பிறை என் கையில் ஏறிக்கொண்டது. சுடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெரியம்மாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"கூப்புடாத."

அப்புறம் அவள் செய்தது இன்றும் என் கண் முன்னால் நிற்கிறது. அசையாமல் இருந்த கையைத் தூக்கி, என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். "வரட்டும்" என்றாள். பிறை அவள் வயிற்றின் மேட்டில் ஏறி, நட்டநடுவில் நின்றது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த குழந்தை உதைத்தது. வயிறு ஒரு பக்கம் எழும்ப, பிறை நெளிந்து, திரும்ப நேரானது. அத்தை குனிந்து அதையே பார்த்தாள். விரலால் அதைத் தொட்டாள். பிறை விரல்மேல் ஏறியது, இறங்கியது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். கேட்டது என்னை அல்ல. அந்தக் குரலில் அழுகை இல்லை, வேறு என்னவோ இருந்தது. பேய் பிடித்துவிட்டது என்று முடிவு செய்து நான் மூட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கினேன்.

வெகுநேரம் கழித்து முற்றத்தில் உலக்கை டமாரென்று விழுந்தது. அதற்குள் வெளிச்சம் வட்டமாகி அவளைத் தாண்டிச் சுவரோரம் போயிருந்தது. கதவு திறப்பதற்குள் அத்தை என் காதைப் பிடித்து இழுத்து, "யார்ட்டயும் சொல்லாத. நீயும் பாக்கல, நானும் பாக்கல" என்றாள். மாமா வாசலில் நின்று, வேட்டியில் கிரகணம் எவ்வளவு துலக்கமாக விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கையை எடுக்காமல் இருந்திருக்கலாம், கூப்பிட்டிருக்கலாம். குழந்தை வயிற்றில் அரிவாள் தழும்போடு பிறக்கப்போகிறது, அத்தையை விரட்டிவிட்டு மாமாவுக்கு வேறு கல்யாணம் நடக்கப்போகிறது, எல்லாம் என்னால். தூக்கத்தில் பிறை என் பாயில் ஏறும்.

பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி விளக்கடியில் தூக்கிக் காட்ட, நான் பெரியவர்களின் கக்கத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். உதடு முழுசு. வயிறு, முதுகு, விரல் எல்லாம் முழுசு. ஒரு மச்சம்கூட இல்லை. "நா போட்ட தகரம் காப்பாத்துச்சு" என்று பெரியம்மா தெரு முழுக்கச் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அத்தையும் சிரிப்பாள் என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் கட்டை விரலால் குழந்தையின் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், திரும்ப அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். பிறகு என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், "இதும்மேல முழுசா விழுந்துச்சுல்ல தாயி? நீ பாத்தில்ல?" என்றாள். பார்த்தேன் என்று தலையாட்டினேன். உடனே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெரியம்மா வந்து அதட்டியும் நிற்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். அவள் அழுதது மூத்தவனுக்காக என்பது எனக்கு அப்போது தெரியாது.