சுருக்கத்துக்கு விட்ட இடம்

வேலை இமாசலத்தில் கிடைத்தது. எனக்கான ஸ்வெட்டரை நானே பின்னி, அதைப் போட்டுக்கொண்டுதான் விருத்தாசலத்தில் ரயிலேறுவேன் என்று வீட்டில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன்னப் படிக்க வெச்சது ஊசியும் நூலுமா வாசல்ல குந்திக்கினு இருக்கவாடா?"

"படிச்சதாலதாம்ப்பா பின்ன முடியுது. எல்லாம் இங்கிலீஷுல இருக்குது."

செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் ராக்லான் ஸ்வெட்டர். தோளிலிருந்து அக்குள்வரை நான்கு சரிவுகள். அந்த இடங்களில் கண்ணிகளை, அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்களை, கூட்டிக்கொண்டே வந்தால் தோளும் கையும் தாமாக விரியும். தையலே கிடையாது. ஒரு கண்ணி நேராக, அடுத்தது புரட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டதில், துணியெங்கும் அரிசி இறைத்த மாதிரி சின்னச் சின்ன மேடுகள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தால் வாசலிலேயே தொடங்கிவிடுவார்.

"மாப்ள, பூ எத்தினி மொழம் வாங்கியாரட்டும்?"

எதிர் டீக்கடை மொத்தமும் சிரிக்கும். நான் உள்ளே போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் தெருப்பக்கம் நகர்த்திப் போட்டேன். இதே தெருவில் மீசை வைத்த ஆண்கள்தான் பீங்கான் பொம்மைக்கு மூக்குத்தி தீட்டுகிறார்கள், வளையல் வரைகிறார்கள். அதை யாரும் பொம்பளை வேலை என்று சொன்னதில்லை. நூலைத் தொட்டால் மட்டும் மீசை உதிர்ந்துவிடுமா?

ஆனால் ஒரு கோளாறு செய்தேன். அப்பா பொம்மை வார்ப்பவர். அச்சு எப்போதும் பொம்மையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது மண் சுருங்கும். எங்கள் வீட்டில் இது யாரும் சொல்லித்தராமலே தெரிகிற சங்கதி. ஸ்வெட்டரும் துவைத்தால் சுருங்கும் என்று நானே தீர்மானித்து, கழுத்திலிருந்தே அளவைக் கூட்டிவிட்டேன். உடம்புப் பகுதி முடிந்ததும் போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று தொங்கியது.

"இன்னா மாப்ள, பந்தலா?"

"துவைச்சிக் காயட்டும் மாமா, அப்பறம் பாருங்க" என்றேன், டீக்கடைக்கும் கேட்கும்படி.

துவைத்துக் கொடியில் போட்டேன். கடைத்தெருவில் வாங்கிய உல்லன் நூல், பெயருக்குத்தான் உல்லன்; சுருங்குகிற கம்பளி அதில் இல்லை. ஈரத்தின் கனத்தில் இறங்கி இறங்கி, சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது முழங்காலைத் தொட்டது.

"நைட்டி ஜோரா இருக்குது மாப்ள!"

வேலை முடிந்து வந்த அப்பா, வெள்ளை மண் காய்ந்த கையால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"சுருக்கத்துக்கு எடம் வுட்டியா?"

தலையாட்டினேன். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "மண்ணுதான்டா சுருங்கும். வுடு, கடையில ஒண்ணு வாங்கிக்க."

"வாங்க மாட்டேன்."

மறுநாள் காலை அதே வாசல், அதே நாற்காலி. தப்பு கழுத்திலேயே இருந்ததால் கழுத்துவரை பிரித்தாக வேண்டும். டீக்கடை பார்க்கப் பார்க்க நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன். கடைசிக் கண்ணியும் அவிழ்ந்ததும், எழுந்திருக்காமல் புதிதாகக் கழுத்தைத் தொடங்கினேன்.

ரயிலேறும் நாளில் உடம்பு முடிந்திருந்தது. கைகளுக்கான கண்ணிகள் தனி நூலில் கோத்தபடி காத்திருந்தன. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மாமா ஒரு பையை நீட்டினார். உள்ளே கடை ஸ்வெட்டர்.

"கையில்லாதத மாட்டிக்கினு மானத்த வாங்காத மாப்ள. இதப் போட்டுக்க."

"நீங்களே வெச்சிக்குங்க மாமா. மார்கழியில ஒங்க ஊருலயும் பனிதான்."

பங்குனி வெயிலில், அத்தனை பேர் பார்க்க, என்னுடையதைத் தலைவழியே மாட்டினேன். வியர்வை வழிந்தது. தோளில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சின் விளிம்பைத் தடவிப் பார்ப்பதுபோல அப்பா தோள் சரிவில் விரலை ஓட்டினார்.

"கைக்கு ஒண்ணும் சேத்து வுடாத" என்றார்.

"வுட மாட்டம்ப்பா."

ரயில் நகர்ந்ததும் ஊசியை எடுத்தேன். எதிர் சீட்டுக்காரர் என் மீசையையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கட்டும்.