கதவு முழுக்கப் பட்டி

வண்டி இடித்து நசுங்கினால், தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர் ஒருவர். நிமிர்த்திய பிறகும் மிச்சமிருக்கும் பள்ளத்தைப் பட்டி என்கிற பசையை வைத்து நிரவித் தேய்க்கிறவர் இன்னொருவர். நம் ஆள் அந்த இரண்டாவது ஆள். ஷெட்டில் எல்லாருக்கும் அவர் பட்டிக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அதை நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. மேலே பெயிண்ட் ஏறிவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரனே தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காலம் பூரா இப்படி மறைந்துபோகிற வேலையே செய்தால் ஒரு மனுஷனுக்கு உள்ளுக்குள் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? எங்கே யோசித்தார்கள்!

யோசித்தது அவருடைய அக்கா ஒருத்திதான். மாடிப்படியில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்துவிட்டவள். தம்பி கல்யாணம் கார்த்தி என்று எதையும் நினைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டார். அவள் கட்டில் அறைக் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது.

"பொழுதுக்கும் இந்த மொட்டைக் கதவையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். இதுல ஏதாவது பண்ணேன்டா."

"என்ன வரையட்டும்? பூவா, மயிலா?"

"பூவும் வேணாம், மயிலும் வேணாம். உன் கை எப்படிப் போகுதோ அப்படி."

ஷெட்டில் மிஞ்சிய பட்டியைக் கொண்டுவந்து கதவின் உட்புறம் அப்பினார். அதன்மேல் இரும்புத் தூள், உடைந்த முகப்பு விளக்கின் கண்ணாடிச் சில்லு, தேய்த்துத் தேய்ந்த உப்புத்தாள் துண்டு. உருவம் என்று ஒன்றும் கிடையாது. மேடு, பள்ளம், கீறல், அவ்வளவுதான். ஊரார் வண்டிகளில் அவர் மூடி மறைத்த பள்ளமெல்லாம் ஒன்றுவிடாமல் இங்கே வந்து நின்றது. அக்கா வெகுநேரம் பார்த்தாள். "அடேயப்பா! இன்னும் போடுடா," என்றாள்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்ன செய்ய, சொல்லிவிட்டாள்.

நகக் கனத்துக்கு மேல் பட்டியை ஒரே தடவையில் போடக் கூடாது. அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் பட்டாணி அளவுக்குத்தான் கலக்க வேண்டும். கூடினால் பட்டி உள்ளுக்குள்ளேயே கொதித்துப் புகையும். ஷெட்டில் புது ஆள் வந்தால் இதைத் திட்டித் திட்டிச் சொல்கிறவரே இவர்தான். வீட்டுக் கதவில் மட்டும் விரல் கனம் போட்டார், பிறகு உள்ளங்கைக் கனம். ஜன்னல் வெளிச்சம் படத்தின் மேடுகளைக் கெடுக்கிறது என்று ஜன்னலுக்கும் பலகை வைத்து ஆணி அடித்தார். அறையில் எந்நேரமும் பட்டி நெடி. "போதும்டா, தலை கிறுகிறுங்குது," என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அது அவர் காதில் ஏறவே இல்லை.

கதவு தரையை உரசிக்கொண்டு முனகத் தொடங்கியது. எதிர்வீட்டுத் தச்சர் வந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இது கதவா, பாறையா? கீல் ரெண்டும் எப்படா விழுவோம்னு நிக்குது. உள்ள நடமாட்டம் இல்லாத பொம்பள இருக்குப்பா."

"சரி செஞ்சிரலாம்ணே, இன்னும் ஒரே பூச்சு."

அந்த ஒரே பூச்சை ஒரு விடுமுறை நாள் காலையில் போட்டார். கால் வாளிப் பட்டியை இளக்கி, ஹார்டனரை டியூப் டியூப்பாகப் பிழிந்து, கதவின் தலையிலிருந்து வழியவிட்டார். பிறகு தூசி படாமலிருக்கக் கதவைப் பதமாகச் சாத்திவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். விரலிடுக்கில் ஒட்டியதைச் சுரண்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் பட்டி கதவிடுக்கில் இறங்கி, நிலையோடு சேர்ந்து இறுகிவிட்டது.

முதலில் கேட்டது இருமல். "தம்பி, கதவு புகையுதுடா! கதவத் தெற!"

ஓடிவந்து தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். மரம் சுட்டது. கீல்கள் உள்பக்கம். உடைத்தால்தான் உண்டு. பெரிய சுத்தியலை இழுத்து வந்து தரையில் ஊன்றினார்.

உள்ளே இருமல் இழுத்து இழுத்து வந்தது. பிறகு நின்றது. சுத்தியலை ஓங்கியது அதற்கப்புறம்தான்.

நாலே அடியில் கதவு பிளந்தது. பெரிய பெரிய கட்டியாக, புகைந்துகொண்டே தரையில் சிதறியது படம். அவர் அதை மிதித்துக்கொண்டு போய் அக்காவைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த தச்சர் தண்ணீர் தெளித்தார். கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள், எந்தப் புண்ணியமோ!

நாலாம் நாள் கஞ்சி ஊட்டும்போது கேட்டாள். "ஏன்டா அவ்வளவு நேரம்?"

"சுத்தியலத் தேடிக்கிட்டு இருந்தேங்கா."

"சுத்தியலத் தரையில வெச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்புறம்தான் எண்ண ஆரம்பிச்சேன். எழுபது வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எனக்கு நெனவில்ல."

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எந்த இடத்தில் அடித்தால் படம் கொஞ்சம் தப்பும் என்று பார்த்துக்கொண்டு நின்றதை அவர் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அறைக்கு இப்போது கதவில்லை. தம்பி உள்ளே வரும்போதெல்லாம் அக்கா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கையில் என்ன வைத்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறாள்.